வண்டலூரில் இல்லாத விலங்கு

(வானொலியில் ஒலிபரப்பான குடும்பச் சிந்தனை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



சில மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, எங்கள் மறைக்கல்விப் பிள்ளைகளை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தோம். தாம்பரம், பெருங்களத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு வண்டலூர் என்றாலே பூங்காதான். 1855-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் சிறியதாகத் தொடங்கி, பிறகு சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் அருகே நெரிசலில் கிடந்து, 1985-ல்தான் வண்டலூர்க் காட்டுக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டியிருக்கவில்லை. வெள்ளைப் புலி எங்கே, குரங்கு எங்கே என்று ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நீர்யானைக் குளத்தருகே நின்றபோது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். “ஃபாதர், டால்பின் எங்க இருக்கு?”

“இங்க இல்லம்மா.”

“அப்போ எந்த ஜூல இருக்கு?”

“நம்ம நாட்டுல எந்த ஜூலயும் இல்ல.”

ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்த அவளுடைய அம்மா சிரித்துவிட்டார். “ஃபாதர், எனக்கும் இப்படித்தான் டால்பின் இல்லன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இருந்தது.

1998-ஆம் ஆண்டு. நான் புதிதாகக் குருப்பட்டம் பெற்ற உதவிப் பங்குத்தந்தை. இன்று தாயாக நிற்கிற அந்தப் பெண், அன்று மறைக்கல்வி வகுப்பின் முதல் வரிசையில் உட்காரும் ஒன்பது வயதுப் பிள்ளை. அந்த ஆண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு, பல்கேரியா நாட்டிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். சென்னையெங்கும் அதே பேச்சு. நானும் வாய் சும்மா இருக்காமல், “தேர்வை நல்லா எழுதுங்க, எல்லாரும் டால்பின் பாக்கப் போகலாம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வேன் வாடகைக்குப் பிள்ளைகள் காசுகூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நாங்கள் போவதற்குள் செய்தி வந்துவிட்டது. வந்த சில மாதங்களிலேயே அந்த டால்பின்கள் செத்துப்போயின. நான் காசைத் திருப்பிக் கொடுத்தேன். “டால்பின் இல்லப்பா, செத்துப்போச்சு” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். அன்று எனக்கு இருந்த வருத்தம்கூட, பயணம் கெட்டுப்போயிற்றே என்பதுதான். ஏன் செத்தன, அவை எப்படிப்பட்ட உயிர்கள், எங்கிருந்து வந்தன என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் தெரியாது.

அந்த ஒரு வரி பதிலை மகளுக்கும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. மர நிழலில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலங்களைப் பிரிக்கும் நேரத்தில், இந்த 27 வருடங்களில் நான் படித்துத் தெரிந்துகொண்டதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி கேட்டேன். டால்பின் மீனா? பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். மீன் வாலை எப்படி ஆட்டும் என்று கேட்டேன். எல்லாரும் கையை இடமும் வலமும் அசைத்துக் காட்டினார்கள். டால்பினின் வால் அப்படி அசையாது. படுக்கை வாட்டில் இருக்கும். மேலும் கீழும் அடித்துத்தான் நீந்தும். செவுளும் கிடையாது. நம்மைப்போல் நுரையீரல்தான். தலையின் உச்சியில் ஒரு மூச்சுத்துளை. மேலே வந்து அதைத் திறந்து மூச்சை விட்டு, காற்றை இழுத்துக்கொண்டு, மூடிக்கொண்டு கீழே போகும். நம் மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். சில ஊர்களில் கடற்பன்றி என்றும் சொல்வார்கள். டால்பினைவிட ஓங்கில் என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஓங்கி எழுவதுபோலவே இருக்கிறது.

தாய் ஓங்கில் ஏறக்குறைய ஒரு வருடம் குட்டியைச் சுமக்கிறது. குட்டி பெரும்பாலும் வால் முதலில் வெளியே வரும். பிறந்த உடனே அதற்கு வேண்டியது காற்று. தாயும், சில வேளைகளில் கூட இருக்கும் மற்றப் பெண் ஓங்கில்களும் குட்டியை மேலே கொண்டுபோய் முதல் மூச்சை எடுக்க உதவுவதைப் பார்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பிரசவத்துக்கு அத்தையும் சித்தியும் வந்து நிற்பதுபோலத்தான். ஒன்றரை வருடத்துக்கும் மேல் பால் கொடுக்கும். அதற்குப் பிறகும் பல வருடங்கள் குட்டி தாயின் பக்கத்திலேயே இருந்து மீன் பிடிக்கப் பழகும்.

“அப்போ தூங்கினா மூச்சு முட்டாதா ஃபாதர்?” என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. நமக்கு மூச்சு தானாக நடக்கிறது. ஓங்கில் ஒவ்வொரு மூச்சையும் தானே நினைத்து விட வேண்டும். அதனால் அது முழுதாகத் தூங்குவதே இல்லை. மூளையின் ஒரு பாதி தூங்கும், மறு பாதி விழித்திருக்கும். ஒரு கண் மூடியிருக்கும், மற்றது திறந்திருக்கும். இதைக் கேட்டதும், “எங்க தாத்தாவும் அப்படித்தான் பூசையில தூங்குவார்” என்றான் அவன். அவனை அதட்டுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் அருள்சகோதரி திணறினார்.

அதன் பிறகுதான் அந்தச் சிறுமியின் கேள்விக்கு வந்தேன். ஏன் பூங்காவில் வைப்பதில்லை?

ஓங்கில் காதால் பார்க்கிறது. ‘டிக் டிக்’ என்று மிக வேகமாகத் தட்டொலிகளை அனுப்பும். நெற்றியில் கொழுப்பாலான ஓர் உறுப்பு இருக்கிறது. அது அந்த ஒலியைக் குவித்து முன்னால் அனுப்பும். எதிரே மீன் இருந்தால் ஒலி பட்டுத் திரும்பும். திரும்பி வரும் ஒலியைக் கீழ்த்தாடை வழியாக உள்வாங்கி, எவ்வளவு தூரம், எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் போகிறது என்று அறிந்துகொள்ளும். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல்.

நம் நாட்டின் கங்கையாற்று ஓங்கிலுக்குக் கண் இருந்தும் பார்வை இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதை மட்டும் உணரும். கலங்கல் தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன் ஒலியை மட்டும் நம்பி வாழ்கிறது. அங்குள்ள மக்கள் அதைச் ‘சூஸ்’ என்று அழைக்கிறார்கள். அது மூச்சு விடும் சத்தமே அதற்குப் பெயராகிவிட்டது. 2009-ல் அரசு அதை தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. நம் நாட்டு ஆறுகளில் நடந்த கணக்கெடுப்பின் முடிவு 2025 மார்ச்சில் வெளியானது: 6,327 ஆற்று ஓங்கில்கள். அவற்றில் சிந்து நதி வகை பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் வெறும் மூன்று. மூன்று என்றதும் பிள்ளைகள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

இப்போது நினைத்துப் பாருங்கள். எல்லையில்லாத கடலில் ஒலியை அனுப்பி, ஒலியைக் கேட்டு வாழும் உயிரை, நான்கு சிமெண்ட் சுவருக்குள் விடுகிறோம். அது அனுப்பும் ஒலியெல்லாம் சுவரில் மோதி அடுத்த கணமே திரும்பி வருகிறது. ஒரு நாளில் பத்துப் பதினைந்து மைல் அலைந்து திரியக்கூடியது, குளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கூட்டத்தோடு சேர்ந்து மீன் பிடித்தது, வளையத்துக்குள் குதித்தால்தான் மீன் என்று கற்றுக்கொள்கிறது.

கொச்சி, மும்பை போன்ற இடங்களில் டால்பின் காட்சிக்கூடங்கள் கட்டத் திட்டம் போட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. 2013 மே மாதத்தில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், இந்தியாவில் எங்கும் டால்பின் காட்சிக்கூடத்துக்கு அனுமதி தர வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இந்த மிருகங்கள் வெறும் மிருகங்கள் அல்ல, மனிதரல்லாத ஆள்களாகவே கருதத்தக்கவை என்ற சில அறிஞர்களின் கருத்தையும் அந்த உத்தரவில் குறிப்பிட்டிருந்தார்கள். ஒரு குருவாக, ‘ஆள்’ என்ற சொல்லை அவ்வளவு எளிதாக நான் பயன்படுத்தமாட்டேன். ஆனால் விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கே முரணானது என்று நம் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, எண் 2418-ல் கற்பிக்கிறது. மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குக் கொட்டுவதும் தகாது என்று அதே எண்ணில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திருப்பாடல் 104-ஐ வீட்டில் எடுத்துப் பாருங்கள். கடலைப் பற்றி வரும் பகுதியில் லிவியத்தான் என்ற பெரிய உயிர் வருகிறது. கடவுள் அதை எதற்காகப் படைத்தார்? கடலில் விளையாட. மனிதருக்கு உணவாக என்றோ, வேலைக்கு என்றோ அங்கே இல்லை. சிறுவயதிலிருந்து இந்தப் பாடலைச் சொல்லி வந்திருக்கிறேன். அந்த இடத்தில் ஒருமுறைகூட நின்றதில்லை. அன்று மரத்தடியில்தான் நின்றேன்.

பெயர் விஷயத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. ஒவ்வொரு ஓங்கிலும் குட்டியாக இருக்கும்போதே தனக்கென்று ஒரு சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கிறது. அதுதான் அதன் பெயர் மாதிரி. அந்தச் சீழ்க்கையைப் பதிவு செய்து போட்டுக் காட்டினால், அந்த ஓங்கில் திரும்பப் பதில் கொடுக்கிறது என்று ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 2013-ல் எழுதினார்கள். 20 வருடத்துக்கும் மேலாகப் பிரிந்திருந்த தோழியின் சீழ்க்கையை அடையாளம் கண்டுகொண்ட ஓங்கிலும் உண்டு.

அடுத்த ஞாயிறு வகுப்பில் இதையே விளையாட்டாக்கினோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீழ்க்கையைத் தனக்கென்று வைத்துக்கொண்டது. வகுப்பு முடிந்து கூட்டிப்போக வந்த பெற்றோரைத் திரைக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, பிள்ளைகளை அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகச் சீழ்க்கை அடிக்கச் சொன்னோம். “உங்க பிள்ளை எது?” என்று கேட்டால் பலருக்கும் தெரியவில்லை. ஒரு அப்பா அடுத்த வீட்டுப் பையனுக்குக் கை தூக்கிவிட்டார். வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு அர்ச்சனைதான். கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டி, சுவர் பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று சொல்லும் விளையாட்டும் நடந்தது. இதற்கு டிக்கெட்டும் வேண்டாம், குளமும் வேண்டாம். ஒரு கைக்குட்டை போதும்.

இன்னொன்று. ஓங்கிலைப் படத்தில் பார்த்தால் சிரிப்பதுபோலவே இருக்கும். பிள்ளைகளுக்கு அதைப் பிடிப்பதே அந்தச் சிரிப்பால்தான். ஆனால் அது சிரிப்பல்ல, தாடையின் அமைப்பு. பசித்தாலும் அப்படித்தான் இருக்கும். நோயில் கிடந்தாலும் அப்படித்தான். கரையில் செத்து ஒதுங்கினாலும் அதே முகம். 1998-ல் அந்தக் குளத்தில் கிடந்தவையும் அப்படியே தெரிந்திருக்கும்.

அவை ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பதற்கு நம் தமிழ்நாட்டுக் கடற்கரையே சாட்சி. தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு உங்களுக்குத் தெரியும். புனித சவேரியார் கால் பதித்த ஊர், கடலோரக் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். 2016 ஜனவரியில் அந்தப் பகுதிக் கடற்கரையில் எண்பது பைலட் திமிங்கலங்கள் வரை கூட்டமாகக் கரை ஒதுங்கின. பெயரில்தான் திமிங்கலம், உண்மையில் அவை ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று வழிகாட்ட மற்றவை பின்தொடரும் என்பதால் வந்த பெயர் அது. 1973-லும் அதே கடற்கரையில் 147 ஒதுங்கியிருக்கின்றன.

அன்று மீனவர்கள் இரவும் பகலும் தண்ணீரில் இறங்கி அவற்றைத் தள்ளினார்கள். சிலவற்றைக் கயிறு கட்டிப் படகால் ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள். போய் விட்டுவிட்டுத் திரும்பினால், அவற்றில் பல பின்னாலேயே கரைக்கு வந்துவிட்டன. தரையில் கிடக்கும் தன் கூட்டத்தை விட்டுவிட்டு அவற்றுக்குப் போகத் தெரியவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டவை கடலுக்குத் திரும்பின. நாற்பதுக்கும் மேல் கரையிலேயே மாண்டன. பொக்லைன் வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

இதைச் சொன்னபோது பிள்ளைகள் யாரும் பேசவில்லை. அந்தச் சிறுமி மட்டும், “நானா இருந்தாலும் அம்மாகிட்டதான் வந்திருப்பேன்” என்றாள்.

இன்று ஓங்கில்களுக்குப் பெரிய ஆபத்து காட்சிக்கூடம் அல்ல, வலைதான். பெரும்பாலோர் வேண்டுமென்று பிடிப்பதில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு சேர்த்து முதல் அட்டவணையில் அது இருக்கிறது. ஆனால் மீனுக்கு விரித்த வலையில் சிக்கினால் மேலே வர முடியாது. தண்ணீரிலேயே வாழும் உயிர் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தீர்கள். பெரும்பாலும் இதே கதைதான். அறுந்துபோய்க் கடலில் விடப்பட்ட வலைகளும் பல வருடம் மிதந்து கொல்கின்றன.

இதைச் சொல்லிவிட்டு மீனவரைக் குற்றவாளியாக்கிப் போவது எனக்குப் பிடிக்காது. மணப்பாட்டில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றவர்கள் அவர்கள்தான். மியான்மரில் ஐராவதி ஆற்று மீனவர்கள் படகைத் தட்டிக் கூப்பிட்டால், ஓங்கில்கள் மீன் கூட்டத்தை வலைப் பக்கம் ஓட்டிக்கொண்டு வரும். சிதறும் மீன் அவற்றுக்கு. தலைமுறை தலைமுறையாக நடக்கும் கூட்டுத்தொழில் இது.

வண்டலூரிலிருந்து மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் கோவளம். சில வாரங்கள் கழித்து அங்கே போனேன். கார்மேல் அன்னை ஆலயத்துக்கு வெளியே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், இந்தப் பக்கம் ஓங்கில் வருமா என்று கேட்டேன்.

“வராம இன்னா சாமி. வலையக் கிழிச்சிட்டு மீனத் துன்னுட்டுப் போவும். மனசு எரியும்.” கொஞ்ச நேரம் பின்னிவிட்டுச் சொன்னார்: “ஆனா அத்த அடிக்க மாட்டோம். விடியக்காலைல வா சாமி. காத்து வுழுந்து, கடலு எண்ண மாரி கெடக்கும் பாரு, அப்ப. பறவை ஒரே எடத்துல சுத்திச்சின்னா அங்க பாத்துக்கினே இரு.”

அந்தத் தாயும் மகளும் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளும் ஒரு சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கே வேனில் ஏறினார்கள். 1998-ல் வாங்கித் திருப்பிக் கொடுத்த வாடகையை இந்த முறை நானே போட்டேன். கரையில் உட்கார்ந்தோம். ஆறு மணி. ஆறரை. சூரியன் ஏறிவிட்டது. சிலர் மணலில் வீடு கட்டப் போய்விட்டார்கள். “இன்னிக்கு வராதுபோல ஃபாதர்” என்று அம்மா எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

ஏழு மணி இருக்கும். தூரத்தில் நாலைந்து பறவைகள் ஒரே இடத்தில் சுற்றின. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டினார். எனக்கு அலைதான் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, திமில்போல் சிறு மேடு, எழுந்து வளைந்து உள்ளே போயிற்று. அவ்வளவுதான். குதிக்கவில்லை, கரணம் போடவில்லை.

நான் பார்த்தது ஒருமுறை. அம்மா வாயில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். மகள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

“மூணு தடவ மூச்சு விட்டுச்சு ஃபாதர்” என்றாள்.